பாதி எட்டிவிட்டது நாடு: எதில் பாதி?

நாட்டின் மின் உற்பத்தித் திறனில் சரிபாதி இப்போது நிலக்கரி, எரிவாயு, டீசல் சாராதது என்று 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது. 2030-க்குள் எட்டுவதாக உலக நாடுகள் முன்னிலையில் கொடுத்த வாக்கு ஐந்தாண்டு முன்கூட்டியே நிறைவேறியிருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் மாத முடிவில் மொத்தத் திறன் சுமார் 4,84,800 மெகாவாட். அதில் சூரியன், காற்று, நீர், உயிரிக்கழிவு, அணு எல்லாம் சேர்ந்து சுமார் 2,42,800 மெகாவாட்.

செய்தி உண்மைதான். ஆனால் கோவை மாவட்டம் அன்னூரில் தோட்டம் வைத்திருப்பவரோ தறி ஓட்டுபவரோ இதைப் படித்துவிட்டு, நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் பாதி பசுமை மின்சாரம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு பிசகும். இந்தியாவில் ஓராண்டில் உற்பத்தியாகும் யூனிட்டுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. திறனில் பாதி, யூனிட்டில் கால். இரண்டுமே அரசின் சொந்தக் கணக்குதான். இந்த இடைவெளி எப்படி வந்தது என்று புரிந்துகொண்டால், பருவநிலை பற்றி தில்லி தரும் ஒவ்வொரு வாக்குறுதியையும் நாமே எடைபோட்டுப் பார்க்கலாம்.

தோட்டத்துக் கணக்கிலேயே சொல்லலாம். கிணற்றில் 10 குதிரைத்திறன் மோட்டார் மாட்டியிருப்பது ஒன்று. அது நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓடி எவ்வளவு தண்ணீர் எடுத்தது என்பது வேறு. மெகாவாட் என்பது மோட்டாரின் அளவு. யூனிட் என்பது தொட்டியில் விழுந்த தண்ணீர். நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் சூரியத்தகடு சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். அதே ஒரு கிலோவாட் 24 மணி நேரமும் முழு வேகத்தில் ஓடினால் 24 யூனிட் தரவேண்டும். இரவு, மேகம், சாய்வெயில் எல்லாம் கழித்தால் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. காற்றாலை இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தரும். அனல் மின் நிலையமோ தன் திறனில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஆண்டு முழுக்க ஓடுகிறது. ஆகவே ஒரு மெகாவாட் அனலையும் ஒரு மெகாவாட் சூரியனையும் சமமாக வைத்து எண்ணும் எந்தக் கணக்கும் சூரியனின் பங்கைப் பெரிதாக்கிக் காட்டும்.

அப்படியென்றால் அரசு பொய் சொல்கிறதா? இல்லை. வாக்குக் கொடுத்ததே திறனில்தான். 2015 அக்டோபரில், பாரிஸ் மாநாட்டுக்குச் சற்று முன்பு, இந்தியா மூன்று உறுதிகளை ஐ.நா.விடம் அளித்தது. 2030-க்குள் மின் திறனில் 40 விழுக்காடு புதைபடிவ எரிபொருள் சாராததாக இருக்கும். ஒவ்வொரு ரூபாய்ப் பொருளாதாரத்துக்கும் வெளியேறும் கரியமில வாயு 2005-ஐ ஒப்பிட 33 முதல் 35 விழுக்காடு குறையும். காடும் மரங்களும் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை உறிஞ்சி வைக்கும். 40 விழுக்காட்டுத் திறன் 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. 2022 ஆகஸ்டில் அது 50 ஆகவும், இரண்டாவது உறுதி 45 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டன. இதற்கிடையில் 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பிரதமர் மேலும் இரண்டைச் சேர்த்தார்: 2030-க்குள் புதைபடிவ எரிபொருள் சாராத திறன் 5 லட்சம் மெகாவாட், 2070-ல் நிகர உமிழ்வு பூஜ்யம்.

இரண்டாவது உறுதியைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கவேண்டும். குறைவதாகச் சொல்லப்படுவது மொத்தப் புகை இல்லை; வருமானத்தோடு ஒப்பிட்ட புகை. நாட்டின் உற்பத்தி இரு மடங்காகி, புகை ஒன்றரை மடங்கானாலும் இந்தக் கணக்கில் அது முன்னேற்றம்தான். 2005-க்கும் 2020-க்கும் இடையே இந்த அளவு 36 விழுக்காடு குறைந்ததாக இந்தியா ஐ.நா.வுக்குத் தெரிவித்திருக்கிறது. அதே காலத்தில் மொத்த உமிழ்வு ஏறியது. சீனா, அமெரிக்காவுக்கு அடுத்தபடி மூன்றாவது பெரிய உமிழ்வாளர் இன்று இந்தியா.

இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தியர் ஒருவரின் பங்கு ஆண்டுக்கு இரண்டு டன் கரியமில வாயு. அமெரிக்கர் ஒருவருக்கு அது ஏறத்தாழ 14 டன். ஒரு மின்விசிறியும் இரண்டு பல்பும் உள்ள வீட்டிடம் போய் குறைத்துக்கொள் என்று சொல்வது அநியாயம். 2024-ல் பாகு பருவநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் 2035 வாக்கில் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டுவதாகச் சொன்னபோது, அது போதவே போதாது என்று இந்தியப் பிரதிநிதி எழுந்து மறுத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் வெளியில் நியாயம் கேட்கும் நாடு வீட்டுக்குள் தன் கணக்கை யூனிட்டில் சொல்லவேண்டும் என்பதும் நியாயம்தான்.

மூன்றாவது உறுதியான காட்டைப் பற்றி ஒரே ஒரு விவரம் போதும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் பத்து விழுக்காடு மர நிழல் இருந்தால், அது யாருடைய நிலமானாலும் வனப்பரப்பு. பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் அதில் அடங்கும். தென்னை கரியை உறிஞ்சாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஆனைமலைச் சோலையையும் வரிசையாக நட்ட தென்னையையும் ஒரே கட்டத்தில் எழுதினால், காடு போனது கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

சூரிய மின்சாரத்தில் நடந்திருப்பது உண்மையிலேயே பெரிய காரியம். 2014-ல் நாட்டின் சூரியத் திறன் 3,000 மெகாவாட்டுக்கும் குறைவு. 2025 ஜனவரியில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2010-ல் தேசிய சூரியசக்தி இயக்கம் தொடங்கியபோது ஒரு யூனிட் 12 ரூபாய்க்குப் பக்கத்தில் விற்றது. 2017-ல் ராஜஸ்தானின் பட்லாவில் 2.44 ரூபாய், 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1.99 ரூபாய். தகடுகளின் விலை சரிந்ததற்குச் சீனத் தொழிற்சாலைகள்தான் முதல் காரணம். ஆனால் திறந்த ஏலம் விட்டு, 25 ஆண்டுக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்பந்தம் போட்டு, முதலீட்டாளரின் பயத்தைப் போக்கியது அரசின் வேலை. அதற்குரிய பாராட்டைத் தரத்தான் வேண்டும். நம் மாநிலத்தில் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் நிலையம் அன்றைக்கு உலகின் மிகப்பெரியவற்றில் ஒன்று.

தவறிய இலக்குகளும் உண்டு. 2022-க்குள் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் 1,75,000 மெகாவாட் என்றார்கள். அந்த ஆண்டு முடிவில் இருந்தது 1,20,000 அளவில். அதில் கூரைமேல் சூரியத்தகடு மட்டும் 40,000 மெகாவாட் வரவேண்டும், கால்பங்குகூட வரவில்லை. காற்றாலைக்கு வைத்த 60,000 மெகாவாட் 2025 ஜூனிலும் எட்டப்படாமல் 51,000 சொச்சத்தில் நின்றது. 2025 ஜூன் நிலையில் 5 லட்சம் என்ற இலக்குக்கு ஆண்டுதோறும் சுமார் 47,000 மெகாவாட் சேர்க்கவேண்டியிருந்தது. 2024-25-ல் சேர்ந்த புதுப்பிக்கத்தக்க திறன் சுமார் 29,500. அதுவரை எந்த ஆண்டிலும் அவ்வளவு சேர்ந்ததில்லை.

காற்றாலையில் தவறியது ஏன் என்பது கொங்கு நாட்டுக் கதை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் காற்று உடுமலை, பூளவாடி, கேத்தனூர் பக்கம் முழு வேகத்தில் இறங்குகிறது. தொண்ணூறுகளில் வருமான வரியில் தேய்மானச் சலுகை கிடைத்ததால் கோவை, திருப்பூர் மில் முதலாளிகள் வரிசையாகக் காற்றாலை போட்டார்கள். நாட்டுக்கே தமிழ்நாடு முன்னோடி ஆனது அப்படித்தான். ஆனால் அன்றைக்குப் போட்டவை 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். காற்று நன்றாக அடிக்கும் இடமெல்லாம் அந்தச் சின்ன இயந்திரங்களின் கையில் இருக்கிறது; இன்றைய 2,000, 3,000 கிலோவாட் இயந்திரங்களுக்கு இடமில்லை. பழையதைக் கழற்றிப் புதியதை நிறுத்தத் தமிழ்நாடு அரசு 2024-ல்தான் தனிக் கொள்கை கொண்டுவந்தது. அதற்குள் குஜராத் நம்மைத் தாண்டிப் போய்விட்டது.

மில்காரர்கள் பேங்கிங் என்று சொல்லும் ஏற்பாட்டையும் இங்கேயே விளக்கிவிடலாம். ஆடியில் உடுமலையில் உற்பத்தியான யூனிட்டை மின்வாரியத்தின் கம்பியில் விட்டுவிட்டு, தை மாதத்தில் அவிநாசிச் சாலை மில்லில் எடுத்துக்கொள்ளலாம். கணக்குப் புத்தகத்தில் யூனிட் பத்திரமாக இருக்கும். ஆனால் மின்வாரியம் எந்தக் குடோனிலும் அதை அடைத்து வைப்பதில்லை. ஆடியில் வந்தது ஆடியிலேயே செலவாகிவிட்டது. தை மாதத்தில் மில்லுக்குப் போவது மேட்டூரிலோ வடசென்னையிலோ நிலக்கரி எரித்து எடுத்த மின்சாரம். மின்வாரியத்துக்கும் காற்றாலை உரிமையாளர்களுக்கும் ஓயாமல் நடக்கும் வழக்குகளுக்கு வேர் இங்கேதான். புத்தகத்தில் சேமிக்கலாம், கம்பியில் சேமிக்க முடியாது.

எனவே அடுத்த பத்தாண்டின் கேள்வி சேமிப்புதான். நண்பகலில் சூரிய மின்சாரம் வழிகிறது. மாலை ஆறரை மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது சூரியன் இல்லை. அந்த மாலை நேரத்துக்காகத்தான் நிலக்கரி நிலையங்கள் அணையாமல் காத்திருக்கின்றன. 2032-க்குள் குறைந்தது 80,000 மெகாவாட் புதிய அனல் நிலையங்கள் தேவை என்று மத்திய மின்துறை சொல்வதும் இதே காரணத்தால். 2024-25-ல் இந்தியா வெட்டிய நிலக்கரி 100 கோடி டன்னைத் தாண்டியது. ஒரே அரசு இரண்டு சாதனைகளையும் கொண்டாடியது.

சேமிப்புக்கு உதாரணம் தேடி வெளிநாடு போகவேண்டியதில்லை. வால்பாறை மலையில் இருக்கும் காடம்பாறை நிலையம் எண்பதுகளின் கடைசியிலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. மின்சாரம் மிகுதியாக இருக்கும் நேரத்தில் மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவை கூடும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கிறார்கள். கட்டிய காலத்தில் நள்ளிரவில் மிஞ்சும் அனல் மின்சாரத்துக்காகப் போட்ட திட்டம். இன்று நண்பகல் சூரியனுக்கு அப்படியே பொருந்துகிறது. நீலகிரியில் குந்தா நீரேற்று மின் திட்டம் 500 மெகாவாட்டுக்குக் கட்டப்பட்டு வருகிறது. பேட்டரி விலை இறங்கியதால் மத்திய அரசு 2023-லிருந்து பேட்டரி நிலையங்களுக்கும் உதவித்தொகை தருகிறது. ஆனாலும் மலையில் அணை என்றால் காட்டைத் தொடவேண்டும். காடம்பாறை போல இன்னும் பத்து கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கம்பித் தடமும் இதில் சேர்த்திதான். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் கடத்தும் தடம், சுமார் 1,765 கிலோமீட்டர், போடப்பட்டது. அதன் ஒரு கிளை புகளூரிலிருந்து கொங்குத் தோட்டங்களைத் தாண்டி திருச்சூர் போகிறது. காற்று இல்லாத மாதங்களில் வடக்கிலிருந்து நிலக்கரி மின்சாரம் இங்கே வரும். ஆடிக் காற்றில் இங்கே மிஞ்சுவது வடக்கே போகலாம். நாட்டுக்கு இது தேவை. ஆனால் உயர்மின் கோபுரம் நின்ற தோட்டத்தின் விலை சரிந்தது. கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது. 2018-லும் 2019-லும் திருப்பூர், கோவை, ஈரோடு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்து கேட்டது, சாலை ஓரமாகப் புதைவடமாகக் கொண்டுபோங்கள் என்பதைத்தான். அதே தடத்தில் கேரளப் பகுதியில் ஒரு துண்டு புதைவடமாகவே போகிறது. பசுமை மின்சாரம் பெருகப் பெருக இத்தகைய தடங்கள் இன்னும் வரும். நிலத்துக்குச் சந்தை மதிப்பும் ஆண்டு வாடகையும் கொடுக்காமல் அவற்றைப் போடுவது, நாட்டின் கடமையை ஒரு சில குடும்பங்களின் தலையில் கட்டுவதாகும்.

இனி அன்னூர். இங்கே மின்சாரம் என்றால் தண்ணீர். ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்ட தோட்டங்கள் நிறைந்த வறண்ட வட்டாரம். 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 1,916 கோடி ரூபாய்ச் செலவில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீர் ஒன்றரை டி.எம்.சி.யை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிறது. தண்ணீர் தானாக ஓடி வருவதில்லை. பவானி பள்ளத்தில், அன்னூர் மேட்டில். ஆறு நீரேற்று நிலையங்கள் படிப்படியாக ஏற்றுகின்றன. அதில் ஒன்று அன்னூரிலேயே இருக்கிறது. ஆக நம் குளத்தில் நிற்கும் தண்ணீரும் மின்சாரம்தான். ஆற்றில் உபரி ஓடும் தென்மேற்குப் பருவமும் உடுமலையில் காற்று வீசும் காலமும் பெரும்பாலும் ஒன்றாக வருவதால், இந்த மோட்டார்களுக்குக் காற்று மின்சாரத்தை நேரடியாக ஒதுக்குவது நியாயமான யோசனை என்று எனக்குத் தோன்றுகிறது.

விவசாயத்துக்கு இலவச மின்சாரம் சும்மா வந்துவிடவில்லை. 1970-ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். மின் கட்டண உயர்வை எதிர்த்து நின்ற போராட்டம் அது. விவசாயிகள் தலைவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு 1972-ல் கோவை நகரத்தை மாட்டுவண்டிகளால் நிறைத்தார். 1990-லிருந்து எல்லா விவசாயிகளுக்கும் கட்டணமில்லை. எனவே சூரியத்தகடு என்று சொல்லிக்கொண்டு யாராவது மீட்டரோடு வந்தால் இந்த ஊர் சந்தேகப்படும், சந்தேகப்படத்தான் வேண்டும்.

ஆனால் அந்த இலவச மும்முனை மின்சாரம் பல ஆண்டுகளாகப் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறைவைத்து வந்திருக்கிறது. இரவு முறை வந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்கவேண்டும். பாம்புக்கடி, ஷாக் எல்லாம் அந்த நேரத்தில்தான். சூரிய மின்சாரம் பெருகியிருக்கும் இன்றைக்கு விவசாய முறையை முழுக்கப் பகலுக்குக் கொண்டுவருவது மின்வாரியத்துக்கும் லாபம், விவசாயிக்கும் நிம்மதி. வழிந்து வீணாகும் நண்பகல் மின்சாரத்தைப் பிடித்து வைக்க இதைவிட மலிவான பேட்டரி கிடையாது. கிணற்று நீர் தொட்டிக்கு ஏறிவிட்டால் மாலையில் மோட்டார் தேவையில்லை.

மத்திய அரசு 2019-ல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்துக்கு மூன்று பகுதிகள். விவசாய நிலத்திலேயே இரண்டு மெகாவாட் வரை சிறு சூரிய நிலையம் போட்டு விற்பது முதல் பகுதி. மின் இணைப்பு இல்லாத தோட்டத்துக்குத் தனிச் சூரிய பம்புசெட் தருவது இரண்டாவது. ஏற்கெனவே இணைப்புள்ள பம்புசெட்டில் சூரியத்தகடு பொருத்தி, ஓடியது போக மிஞ்சுவதை மின்வாரியத்துக்கு விற்பது மூன்றாவது. பேச்சில் அதிகம் அடிபடுவது இரண்டாவது. அன்னூருக்கு அதில் ஓர் ஆபத்து உண்டு. பகல் முழுக்கச் செலவில்லாமல் ஓடும் பம்பு, நிலத்தடி நீரைக் கடைசிச் சொட்டு வரை எடுத்துவிடும். மூன்றாவதில் தண்ணீர் எடுக்காமல் விட்டால் விவசாயிக்குப் பணம் வரும். அது தண்ணீரையும் காக்கும். விற்கும் யூனிட்டுக்குக் கட்டுப்படியாகும் விலையும், இலவச இணைப்பு பறிபோகாது என்ற எழுத்துப்பூர்வ உறுதியும் இருந்தால் நம் பக்கத்துக்கு இதுதான் சரியான பகுதி. அந்த இரண்டும் இல்லாமல் கையெழுத்துப் போடவேண்டாம்.

தறிக்கும் வீட்டுக்கும் கணக்கு வேறு. விசைத்தறிக்கு 2023 மார்ச்சிலிருந்து இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். வீட்டுக்கு 100 யூனிட். 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளுக்குக் கூரைத் தகடு தருவதாகச் சொல்கிறது. இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாய் மானியம். மூன்று கிலோவாட் தகடு இரண்டு மாதத்தில் சுமார் 700 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு இது தேவையில்லை. இலவசம் போக அவர்கள் கட்டும் தொகை மிகக் குறைவு, முதலீடு திரும்ப நெடுங்காலம் ஆகும். குளிர்சாதனம், மோட்டார், வாஷிங் மெஷின் என்று 500 யூனிட்டுக்கு மேல் போகும் வீட்டுக்குச் சில ஆண்டுகளில் பணம் திரும்பும். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் மெதுவாக நகர்வதற்கு மக்களின் அக்கறையின்மை காரணமென்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நம் கட்டண அமைப்பு சிறு வீடுகளை ஏற்கெனவே காத்துவிட்டது.

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு: கூரைத் தகட்டுக்கு சூர்ய கர் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணோடு பதிவு செய்யவேண்டும். பதிவு பெற்ற நிறுவனத்திடம் மட்டும் வேலையைக் கொடுத்தால்தான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். சூரிய பம்புசெட்டுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகம். இரண்டுக்குமே விலைப்பட்டியலில் எத்தனை கிலோவாட் என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், ஆண்டுக்கு எத்தனை யூனிட் வரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.